வலி நீளும்போது: பிரசவ அறையிலிருந்து முதல் வாரம் வரை

பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே கேள்விதான்: "சிஸ்டர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" மாலையில் வலி கண்டு வந்த பெண்ணுக்கு விடிந்தும் குழந்தை பிறக்கவில்லை என்றால் அந்தக் கேள்வியில் பதற்றம் ஏறிவிடும். "பேசாம ஆபரேஷன் பண்ணி எடுத்துடச் சொல்லுங்க" என்பார் ஒருவர். "நாங்கெல்லாம் ரெண்டு நாள் வலி பொறுத்துப் பெத்தோம், சும்மா இருங்க" என்பார் வயதான பெண்மணி ஒருவர். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. நீண்டுபோகும் பிரசவத்தில் அவசரப்பட்டாலும் ஆபத்து, அளவுக்கு மீறிப் பொறுத்தாலும் ஆபத்து. எந்த மணி நேரத்தில் பொறுக்கலாம், எந்த மணி நேரத்தில் பொறுக்கக் கூடாது என்று பிரித்துக் காட்ட மருத்துவம் கண்ட வழி மிக எளியது: ஒருவர் அருகில் இருந்து, கடிகாரத்தைப் பார்த்து, கண்டதை எழுதி வைப்பது. குழந்தை பிறந்த பிறகு வரும் முதல் வாரத்துக்கும் இதே வழிதான் காப்பு.

தலை திரும்பும் பாதை

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 39 வாரம் முடிந்துவிட்டது. இரண்டு நாளாக விட்டுவிட்டு வந்த வலியைச் சூட்டு வலி என்று நினைத்துச் சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்தாயிற்று. இப்போது வலி ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடம் வயிறு கல்லாக இறுகுகிறது. செவிலியர் சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்திருப்பதாகச் சொல்கிறார்.

அந்த இறுக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உடம்பின் மற்ற தசைகள் சுருங்கினால் மீண்டும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். கர்ப்பப்பையின் மேல்பகுதித் தசை அப்படி வருவதில்லை. ஒவ்வொரு வலிக்குப் பிறகும் சற்றே குட்டையாகவே நின்றுவிடுகிறது. அதனால் கீழே இருக்கும் கர்ப்பப்பை வாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கப்பட்டு, மெலிந்து, 10 செ.மீ. வரை திறக்கிறது. குழந்தையின் தலை கீழே அழுத்த அழுத்த, தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. அது அடுத்த வலியை இன்னும் வலுவாக்குகிறது.

திறந்தால் மட்டும் போதாது, தலை இறங்க வேண்டும். தாயின் இடுப்பெலும்பு வளையம் நேரான குழாய் அன்று. நுழைவாயில் பக்கவாட்டில் அகலம். வெளிவாயில் முன்பின்னாக அகலம். குழந்தையின் தலையோ முன்பின்னாக நீண்டது. ஆகவே பக்கவாட்டில் பார்த்தபடி உள்ளே நுழைந்த தலை, பாதி வழியில் கால் வட்டம் திரும்பி, தாயின் முதுகைப் பார்த்தபடி வெளியே வர வேண்டியிருக்கிறது. குறுகலான வாசலில் கட்டிலைச் சாய்த்துத் திருப்பி வெளியே எடுப்பது போன்ற வேலை இது. தாடை மார்பில் பட நன்றாகக் குனிந்திருந்தால் தலையின் மிகச் சிறிய குறுக்களவு முன்னே வரும். அது சுமார் 9.5 செ.மீ. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டியிராததால், ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறி அந்த அளவை இன்னும் குறைக்கின்றன. பிறந்த குழந்தையின் உச்சிக்குழி அந்த ஏற்பாட்டின் மிச்சம்தான்.

நம் பெண்ணின் குழந்தை தலைகீழாகத்தான் இருக்கிறது, ஆனால் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது. இந்த நிலையில் தலை சரியாகக் குனிவதில்லை, 11.5 செ.மீ. குறுக்களவு முன்னே வந்து நிற்கிறது. குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகெலும்பின் அடிப்பகுதியில் அழுத்துவதால் வலி வயிற்றைவிட இடுப்பிலும் முதுகிலும் உயிர் போகிறது. இப்படி இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை வலியின் போக்கிலேயே திரும்பிவிடும். பிறக்கும் தறுவாயிலும் திரும்பாமல் இருப்பவை ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆனால் திரும்பி முடிக்கக் கூடுதல் நேரம் வேண்டும். கஷ்டமான பிரசவம் என்று நாம் சொல்வதில் ஒரு பெரும்பகுதி இந்தக் கூடுதல் நேரம்தான்.

அந்த நேரத்துக்கு ஒரு விலை உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது கர்ப்பப்பைச் சுவர் இறுகி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரண்டு வலிகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் குழந்தை ஆக்ஸிஜனை மீட்டுக்கொள்கிறது. நலமான குழந்தை இதைப் பல மணி நேரம் தாங்கும். தாங்க முடியாமல் போகும்போது இதயத் துடிப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு, வலி ஓய்ந்த பிறகும் கீழேயே நின்றால் குழந்தை திணறுகிறது என்று பொருள். பனிக்குட நீர் பச்சையாக வந்து, "குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு" என்று வெளியே வந்து சொல்வார்களே, அதுவும் கூர்ந்து கவனிக்க வேண்டிய அடையாளம்.

ஒரு தாளில் ஓர் இரவு

பிரசவத்தை வரைபடமாக்கலாம் என்று 1954இல் காட்டியவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய இமானுவேல் ஃப்ரீட்மேன். கர்ப்பப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்தது என்பதை மணிக்கு மணி குறித்துக் கோடாக இணைத்தார். முதலில் மெதுவாக ஊர்ந்து, பிறகு செங்குத்தாக ஏறும் ஒரு வளைவு கிடைத்தது. அதுவரை அனுபவத்தால் மட்டும் அறியப்பட்ட ஒன்று கண்ணுக்குத் தெரியும் கோடாயிற்று.

அந்தக் கோட்டை உயிர்காக்கும் கருவியாக மாற்றியவர்கள் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஹியூ ஃபில்பாட்டும் காஸில் என்பவரும். இன்று ஜிம்பாப்வேயின் தலைநகராக இருக்கும் ஹராரேயில், அன்றைய பெயரில் சாலிஸ்பரியில், சுற்றுப்புறச் சிறு நிலையங்களில் மருத்துவிச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். அறுவை வசதி நகரத்துப் பெரிய மருத்துவமனையில் மட்டும்தான். எந்தப் பெண்ணை, எப்போது வண்டியேற்றி அனுப்ப வேண்டும்? சீக்கிரம் அனுப்பினால் பெரிய மருத்துவமனை நிரம்பி வழியும். தாமதித்தால் வழியிலேயே உயிர் போகும். 1972இல் அவர்கள் வெளியிட்ட தாளில் இரண்டு சாய்கோடுகள் இருந்தன. மணிக்கு ஒரு செ.மீ. வீதம் ஏறும் முதல் கோடு எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் உள்ளது நடவடிக்கைக் கோடு. பெண்ணின் முன்னேற்றம் முதல் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு. இரண்டாவது கோட்டைத் தொட்டால் இனிக் காத்திராதே. நடுவில் உள்ள நான்கு மணி நேரம் வண்டி பிடித்து வந்துசேர்வதற்கு.

பார்ட்டோகிராஃப் என்று செவிலியர்கள் சொல்லும் அந்தத் தாளை நெருங்கிப் பார்த்தால் ஓர் இரவின் முழுக் கதையும் அதில் இருக்கும். மேலே குழந்தையின் இதயத் துடிப்பு, அரை மணிக்கு ஒரு புள்ளி. அதன் கீழே பனிக்குட நீரின் நிறம், ஓர் எழுத்தில். நடுவே கர்ப்பப்பை வாயின் திறப்புக்குப் பெருக்கல் குறிகள், தலை இறங்குவதற்கு வட்டங்கள். அதற்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள்: பத்து நிமிடத்தில் எத்தனை வலி வந்ததோ அத்தனை கட்டம் நிரப்பப்பட்டிருக்கும். அடியில் தாயின் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர். பணி மாறி வரும் அடுத்த செவிலியர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் இந்தத் தாளை இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 35,484 பெண்களிடம் சோதித்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டது. நீண்டுபோன பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தன. வலியைக் கூட்ட மருந்து ஏற்றுவது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகச் சரிந்தது. அவசர சிசேரியனும் குறைந்தது. இறந்து பிறந்த குழந்தைகளும் குறைந்தன. இந்த முடிவு சிந்திக்க வேண்டியது. கூர்ந்து கவனித்ததால் தலையீடு கூடவில்லை, குறைந்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்று தாளில் தெரிந்தால் மருத்துவருக்குப் பொறுமையாக இருக்கத் துணிவு வருகிறது. ஒன்றும் தெரியாமல் இருக்கும்போதுதான் பயம் அவசரமாக மாறுகிறது.

பின்னாளில் அந்தக் கோடுகளே திருத்தப்பட்டன. மணிக்கு ஒரு செ.மீ. என்ற வேகத்தை நலமான பெண்கள் பலர் எட்டுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 5 செ.மீ. திறக்கும்வரை உள்ள ஆரம்பக் கட்டம் ஒருவருக்கொருவர் மிகவும் மாறுபடும் என்றும், அதற்குப் பிறகும் முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும், மெதுவாகத் திறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிட வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. 2020இல் வெளிவந்த அதன் புதிய வழிகாட்டித் தாளில் சாய்கோடுகளே இல்லை. மாறாக, தாய்க்குத் துணை இருக்கிறதா, குடிக்க ஏதாவது கொடுத்தார்களா, வலிக்கு நிவாரணம் கிடைத்ததா, எழுந்து நடமாடுகிறாரா என்பனவும் மணிக்கு மணி குறிக்கப்பட வேண்டியவை ஆகிவிட்டன.

நம் பெண்ணுக்கு 7 செ.மீ.யில் சில மணி நேரம் அசைவில்லை. செவிலியர் முதலில் செய்வது எளிய காரியங்கள்தான். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் தலை இறங்க வழி விடாது. அதைக் காலி செய்யச் சொல்கிறார். மல்லாந்து கிடந்தவரை எழுந்து நடக்கவும் ஒருக்களித்துப் படுக்கவும் வைக்கிறார். குடிக்கக் கொடுக்கிறார். அம்மாவோ அக்காவோ அருகில் இருந்து முதுகைத் தேய்த்துவிடுகிறார்கள். இது வெறும் ஆறுதல் இல்லை. 26 சோதனைகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, கடைசிவரை ஒருவர் துணையிருந்த பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைவதையும் சிசேரியன் குறைவதையும் கண்டது. அதற்கும் அசையாவிட்டால் பனிக்குடத்தை உடைத்துவிடுவது, ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து ஏற்றுவது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளி இருக்காது என்பதால் அந்தச் சொட்டை எண்ணி எண்ணித்தான் கூட்ட வேண்டும். முழுதும் திறந்தபின் தலை கீழே வந்து நின்றுவிட்டால் வாக்குவம் கிண்ணமோ, "ஆயுதம் போட்டு எடுத்தாங்க" என்று நம் பாட்டிமார் சொல்லும் குறடோ உதவும். இவை எதற்கும் இடமில்லை என்றால் சிசேரியன். அப்போது அது உயிர் காக்கும் அறுவை, தயங்கக் கூடாது.

ஆனால் 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் இது 21.5 சதவீதம். ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. கர்ப்பப்பையில் தழும்பு விழுந்தால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பிலேயே வேர்விடும் ஆபத்து கூடும். வேண்டாத சிசேரியனைக் குறைக்க வேண்டும் என்றால் வலியில் இருக்கும் பெண்ணருகே உட்கார ஆள் வேண்டும்.

முதல் நிமிடம்

தலை திரும்பிவிட்டது. நீண்ட இரவின் முடிவில் குழந்தை பிறந்துவிட்டது. அடுத்த ஒரு நிமிடத்தில் அந்த உடம்பில் நடப்பதைப் போன்ற மாற்றம் மனித வாழ்வில் வேறெப்போதும் நடப்பதில்லை.

வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் முழுக்க நீர். இதயம் அனுப்பும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே போகும். மற்றதெல்லாம் இதயத்துக்குள் ஒரு துளை வழியாகவும், வெளியே ஒரு குறுக்கு நாளம் வழியாகவும் நுரையீரலைத் தவிர்த்துவிடும். பிரசவ வலியின் அழுத்தம் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் வகை ஹார்மோன்களைப் பெருக்குகிறது. அவை நுரையீரல் நீரை உறிஞ்சச் செய்கின்றன. வலியே வராமல், நாள் முதிரும் முன் சிசேரியனில் எடுத்த குழந்தைகளுக்குச் சில மணி நேரம் வேகமூச்சு வாங்குவது இதனால்தான். முதல் அழுகையில் காற்று புகுந்ததும் நுரையீரல் நாளங்கள் விரிகின்றன, துளை மூடிக்கொள்கிறது, குறுக்கு நாளம் அடுத்த சில நாளில் அடைபடுகிறது. முதல் நிமிடத்தில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 90ஐ எட்டப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகவே கையும் காலும் நீலம் பாரித்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது மூச்சையும் இதயத் துடிப்பையும்தான். 1950களின் தொடக்கம்வரை பிரசவ அறையில் எல்லாரும் தாயையே பார்த்தார்கள். குழந்தையை ஒழுங்காகப் பார்த்து மதிப்பிட யாரும் இல்லை. ஃப்ரீட்மேன் பணியாற்றிய அதே கொலம்பியா மருத்துவமனையில், அதே ஆண்டுகளில், மயக்கவியல் மருத்துவராக இருந்தவர் விர்ஜீனியா ஆப்கர். இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, நிறம் என ஐந்தைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் போடும் முறையை 1953இல் அவர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடப்படும் மதிப்பெண் அது. 7 அல்லது அதற்கு மேல் என்றால் நலம். மதிப்பெண் போட வேண்டுமானால் ஒருவர் குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆப்கர் கொண்டுவந்த பெரிய மாற்றம் அதுதான்.

பத்தில் எட்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் தாமாகவே மூச்செடுத்துவிடும். இன்னும் சிலவற்றுக்கு நன்றாகத் துடைத்து முதுகைத் தடவிவிட்டால் போதும். இருபதில் ஒன்றுக்கு, கையால் அமுக்கும் காற்றுப் பையும் முகமூடியும் கொண்டு சில மூச்சுகள் ஊத வேண்டியிருக்கும். அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். மின்சாரமே தேவைப்படாத அந்தப் பையைப் பயன்படுத்தச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தை இந்திய அரசு 2009இல் தொடங்கியது.

நலமாக அழுகிற குழந்தைக்கு அவசரமாகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தொப்புள்கொடியைக்கூட ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் வெட்ட வேண்டும். அதற்குள் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதிலுள்ள இரும்புச்சத்து பல மாதங்களுக்கு ரத்தசோகையிலிருந்து காக்கும். துடைத்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி மேலே போர்த்தினால் அதைவிட நல்ல கணப்பு வேறில்லை. குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போட வேண்டும்.

எல்லாரும் குழந்தையைப் பார்க்கும் நேரம்

குழந்தை அழுததும் எல்லார் கண்ணும் அங்கே திரும்பும். தாய்க்கு மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடும். நஞ்சுக்கொடி பிரிந்து விழுந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்த நாளங்கள் வாய் திறந்து கிடக்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கர்ப்பப்பைத் தசைநார்கள் இறுகி அவற்றை நெரித்து மூடுவதால்தான் ரத்தம் நிற்கிறது. இரவெல்லாம் வேலை செய்து களைத்த கர்ப்பப்பை இறுகாமல் தொய்ந்துவிடலாம். நீண்ட பிரசவத்தின் நிழல் இங்கும் விழுகிறது. எல்லாத் தாய்மாருக்கும் பிரசவமானவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இதைத் தடுக்கத்தான்.

போகும் ரத்தத்தை யாரும் அளப்பதில்லை என்பதே பெரிய குறையாக இருந்தது. துணியில் ஊறியது, தரையில் சிந்தியது என்று கண்மதிப்பாகச் சொல்லும்போது அளவு குறைந்தே தெரியும். அடிப்பக்கம் கூம்பாகக் குறுகி, அளவுக் கோடுகள் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து வைக்கும் எளிய உத்தி, கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வுகளில் பயன்பட்டது. அத்தகைய விரிப்பில் ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்த்தல், மருந்துகள், நரம்பு வழியே திரவம், சோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கும் முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவில், கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியிருந்தன. மருந்துகள் முன்பே இருந்தவைதான். அளந்து பார்த்ததால் நேரத்தில் கொடுக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் 2018-20 கணக்குப்படி 54. இந்திய சராசரி 97. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால், ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியே விசாரித்து எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்று எழுதிவைக்கும் வழக்கமும் இருக்கிறது. 1990களிலேயே இங்கு அது தொடங்கிவிட்டது.

சீம்பாலும் எடையும்

"பாலே வரலைங்க, குழந்தை அழுதுட்டே இருக்கு." முதல் நாள் இரவு எல்லா வார்டிலும் கேட்கும் குரல் இது. உண்மையில் பால் வராமல் இல்லை. அளவு குறைவு, அவ்வளவுதான். நஞ்சுக்கொடி வெளியேறி, தாயின் உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சரிந்த பிறகே பால் பெருகத் தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தலைப்பிரசவம், நீண்ட வலி, சிசேரியன், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சற்றுத் தாமதிக்கும். அதுவரை சுரப்பது மஞ்சள் நிறச் சீம்பால். முதல் நாள் முழுதும் சேர்த்தே சில தேக்கரண்டிதான் இருக்கும். நோயெதிர்ப்புப் புரதம் செறிந்த அந்தச் சில தேக்கரண்டியே அன்றைய தேவைக்குப் போதும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் விட்டு, பகலிரவாக எட்டிலிருந்து பன்னிரண்டு முறை சப்ப விட்டால் சுரப்பு தானாகப் பெருகும். சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும். தேனில் குழந்தையைத் தாக்கும் கிருமியும் இருக்கலாம்.

போதுமான பால் கிடைக்கிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்ய முடியாது. எடையையும் ஈரத்துணியையும் பார்க்க வேண்டும். முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. 3 கிலோ குழந்தை 200 கிராம் இளைத்தால் கவலை இல்லை. 300 கிராமை நெருங்கினால் பால் குடிக்கும் முறையை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். சிறுநீர் முதல் நாள் ஒன்றிரண்டு முறை போனால் போதும். ஐந்தாம் நாளுக்குள் ஆறு முறைக்கு மேல் போக வேண்டும். தாரைப் போல் கறுத்திருந்த மலம் பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாக மாறினால் பால் உள்ளே போகிறது.

மஞ்சளும் வெளிச்சமும்

நம் பெண்ணின் குழந்தைக்குத் தலை நீண்டு, உச்சியில் மெத்தென்று வீங்கியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் நெடுநேரம் அழுந்தியதால் வந்த நீர்க்கோவை அது. ஓரிரு நாளில் தானே வற்றும். எண்ணெய் போட்டு உருவி உருண்டையாக்க வேண்டியதில்லை. எலும்புக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தால் கரைய வாரக்கணக்கில் ஆகும். அந்த ரத்தம் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் பெருகும் என்பதால், கஷ்டப்பட்டுப் பிறந்த குழந்தைகளுக்குக் காமாலை சற்றுக் கூடலாம்.

நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். வயிற்றில் இருந்தபோது தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் உடைகின்றன. கழிவை வெளியேற்றக் கல்லீரல் இன்னும் பழகவில்லை. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை கூடிப் பிறகு இறங்கும். பெரும்பாலும் தாய்ப்பாலே போதும். அளவு மீறினால் மட்டும் பிலிரூபின் மூளையில் படிந்து காதையும் உடல் இயக்கத்தையும் நிரந்தரமாகப் பாதிக்கும்.

அதற்கான வைத்தியத்தைத் தந்தது ஒரு செவிலியரின் கண். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்தவர் சிஸ்டர் ஜீன் வார்ட். நல்ல காற்றும் வெயிலும் குழந்தைகளுக்கு நல்லது என்று நம்பிய அவர், வெயில் நாட்களில் அவர்களை முற்றத்துக்கு எடுத்துச் செல்வார். 1956இல் ஒருநாள் மருத்துவர்கள் பார்வையிட வந்தபோது, ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஒரு முக்கோணத் திட்டு மட்டும் அடர் மஞ்சளாக இருந்தது. துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது. சில வாரங்களில் சன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்த மாதிரிக் குப்பி ஒன்றிலும் பிலிரூபின் அளவு குறைந்திருப்பது தெரியவந்தது. அங்கிருந்த ரிச்சர்ட் கிரெமரும் நண்பர்களும் செயற்கை விளக்குகளைக் கொண்டு செய்த ஆய்வை 1958இல் வெளியிட்டார்கள். நீல ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரல் அதை வேதிமாற்றம் செய்யத் தேவையில்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறச் செய்கிறது. நம் ஊரில் "லைட்டில் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்வது இதைத்தான்.

காலை வெயிலில் காட்டினாலே சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது தவறு. வெயிலின் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. துணியை விலக்கினால் குழந்தை குளிர்ந்தோ கருகியோ போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், மஞ்சளோடு குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்க்கு ஓ வகை ரத்தமோ நெகட்டிவ் வகை ரத்தமோ இருந்தால் முதல் நாளிலிருந்தே கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் முதல் வாரம்

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டக் கிராமங்களில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொன்னார்கள். எடை பார்ப்பது, மூச்சை எண்ணுவது, உடம்புச் சூட்டைத் தொட்டு அளப்பது, பால் குடிப்பதைப் பார்ப்பது, நோய்த்தொற்றின் அறிகுறி கண்டால் மருந்து தொடங்குவது. பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் அவர்கள் வெளியிட்டார்கள். இன்று இந்தியா முழுவதும் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவதற்கு இதுவே முன்னோடி.

அவர் வரும் நாட்களுக்கு இடையே குடும்பம்தான் காவல். பால் குடிப்பதை நிறுத்துவது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மார்பு உள்ளே குழிவது, வலிப்பு, தொட்டால் சுடுவது அல்லது சில்லிட்டிருப்பது, தூண்டினாலும் அசையாதிருப்பது, தொப்புளில் சீழ்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

தாய்க்கும் இதேபோன்ற பட்டியல் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, காய்ச்சல், துர்நாற்றக் கழிவு, கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல். ரத்த அழுத்த நோயும் வலிப்பும் குழந்தை பிறந்த பிறகும் வரலாம். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பது தீங்கு. பால் சுரக்கும் உடம்புக்குத் தண்ணீரும் நல்ல சாப்பாடும் கூடுதலாகவே வேண்டும். குழந்தை சப்பும்போது அடிவயிறு சுருக்கென்று வலித்தால் பயப்பட வேண்டாம். பால் சுரக்க வைக்கும் ஆக்ஸிடோசினே கர்ப்பப்பையையும் இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது. மூன்று நான்காம் நாளில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு நேர்வது. இரண்டு வாரத்தைத் தாண்டியும் மனம் தெளியாவிட்டால், குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், அது நோய், மருத்துவம் உண்டு. கஷ்டமான பிரசவத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இது கூடுதலாக வரலாம். "குழந்தைதான் நல்லா இருக்கே, ஏன் அழற?" என்று கேட்பதால் அவர்கள் வாயடைத்துப்போவார்கள். அந்த இரவு எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்ல, யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. பெண்களை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் வேலையை இந்த மாநிலம் முடித்துவிட்டது. வாசலுக்கு உள்ளே அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது ஆளும் நேரமும். ஒரே செவிலியர் பல கட்டில்களுக்கு நடுவே ஓடினால் பார்ட்டோகிராஃப் தாள் பிரசவம் முடிந்தபின் நினைவிலிருந்து நிரப்பும் படிவமாகிவிடும். அரை மணிக்கு ஒரு முறை கேட்க வேண்டிய இதயத் துடிப்பு கேட்கப்படாமல் போகும். பிரசவ அறையில் செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுவதும், மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் தருவதும், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் விரும்பும் துணையை உள்ளே அனுமதிப்பதும் புதிய கட்டடங்களைவிடக் கூடுதல் உயிர்களைக் காக்கும். பிரசவத்துக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் அறை வாடகையை விசாரிப்பதோடு நிறுத்திவிடாமல், வலி நேரத்தில் இவள் அருகில் யார் இருப்பார், துணைக்கு ஆள் வரலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்பவர்கள் பெருகினால் மருத்துவமனைகளும் அரசும் பதில் வைத்திருக்கத்தான் வேண்டும்.